காக்கா வராத அமாவாசை

அப்பா மார்கழித் திருவாதிரை அன்று போனார். பதினாறாம் நாள் தை அமாவாசையில் வந்து விழுந்தது. 2023 ஜனவரி. "திருவாதிரையில உயிர் பிரிஞ்சு, அமாவாசையில காரியம். யாருக்கு இப்படி அமையும்" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்த அமாவாசைதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

ஸ்ரீரங்கம் காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. எங்கள் முறை வருவதற்கே பதினொரு மணி ஆகிவிட்டது. தம்பி பிண்டம் வைத்து, இலையை ஓரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். எல்லாரும் தள்ளி நின்றோம். ஒரு காக்கா வந்தது. மதில்மேல் உட்கார்ந்து இலையைப் பார்த்தது. அலகைக் கல்லில் இரண்டு தீட்டுத் தீட்டிவிட்டுப் பறந்துபோய்விட்டது. கால் மணி நேரம், அரை மணி நேரம், ஒன்றும் வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "மனசுல என்ன குறையோ, வாய்விட்டுச் சொல்லுங்கப்பா" என்றார் பெரியப்பா. தம்பி, "அம்மாவை நான் பார்த்துக்கறேம்ப்பா" என்றான். அத்தை, பேத்தி கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தாள். பேத்திக்கு அப்போது வயது எட்டு. அப்பாவோடு இருபது வருஷமாக ஒரு மூன்றடிச் சந்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சித்தப்பா, "அந்தச் சந்தை விட்டுத் தர்றேண்ணா" என்று உரக்கச் சொல்லிவிட்டார். (இன்றுவரை தரவில்லை, அது தனிக் கதை.) எதற்கும் காக்கா மசியவில்லை. கடைசியில், பசுவுக்கு வைத்தாலும் சரிதான் என்று ஐயர் சொல்லி முடித்துவைத்தார்.

திரும்பி வரும்போது வேனில் அத்தை மெதுவாகத்தான் சொன்னாள்: "ஏதோ மனத்தாங்கலோடதான் போயிருக்கான்." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஒரு வரி அம்மாவை என்ன செய்தது என்பது நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசி நாள் சாயங்காலம் அப்பா இரண்டாவது காபி கேட்டிருக்கிறார். சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருந்ததால் அம்மா கொடுக்கவில்லை. காக்கா வராததற்கு அந்தக் காபிதான் காரணம் என்று நான்கு மாதமும் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவள். எனக்கு இது உறைக்க அவ்வளவு நாள் ஆகியிருக்கக் கூடாது. தை அமாவாசை அன்று அந்தப் படித்துறையில் விடியற்காலையிலிருந்து நூற்றுக்கணக்கான இலை விழுந்திருக்கும். பதினொரு மணிக்கு எங்கள் இலை எத்தனையாவதோ! அந்தக் காக்காவுக்கு வயிறு முட்டியிருந்தது, அவ்வளவுதான். இதை அம்மாவிடம் சொன்னபோது முதலில் முறைத்தாள். அப்புறம், அப்பா போனபிறகு முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தாள். "கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி மாதிரியா?" என்றாள். உங்கள் வீட்டுக் காரியம் அமாவாசையில் விழுந்தால் சீக்கிரம் போங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்து, உங்களைத் தெரிந்த காக்காவுக்கு மொட்டைமாடியில் வையுங்கள். அதைவிட முக்கியம், இலையின் பக்கத்தில் நின்று, போனவருக்கு என்ன குறை என்று அலசுகிற உறவினரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சொல்கிறவருக்கு அது ஒரு வார்த்தை. கேட்கிறவர் அதை வருஷக்கணக்கில் சுமப்பார்.

அடையாளம் வரும் என்று நாமே ஒரு நாளும் நேரமும் குறித்துவைத்து உட்கார்ந்தால் அது பரீட்சை ஆகிவிடுகிறது. பரீட்சை என்றால் ஃபெயில் ஆவதற்கும் வாய்ப்பு உண்டு.

வீட்டு மொட்டைமாடியில் நிலைமை வேறாக இருந்தது. அம்மா தினமும் சமைத்து முடித்ததும் ஒரு கைப்பிடி சோற்றில் பருப்பும் நெய்யும் போட்டுக் கைப்பிடிச் சுவரில் வைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிற பழக்கம். அப்பா போன ஒரு மாதத்தில், இடது காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிற ஒரு காக்கா ஒன்பது மணிக்கு வர ஆரம்பித்தது. அப்பாவுக்கும் இடது முழங்கால்தான் வலி. அப்புறம் என்ன, அம்மாவுக்கு அது அப்பாதான். "சாம்பார் சாதம் வெச்சேன், தொடலை. தயிர் சாதம்னா வந்துடறார்" என்று மரியாதையோடு தகவல் வரும்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என் படிப்பைக் காட்ட வேண்டுமே! அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு காக்காக்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்காக்கள் கத்தித் துரத்தின. பிடிபடாத காக்காக்களும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கத்தின. அது வேறு இனக் காக்கா. ஆனாலும் நம் ஊர்க் காக்காவுக்கும் மனித முகம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கி, "அது அப்பா இல்லம்மா, உன் முகமும் சோறு வைக்கிற நேரமும் அதுக்கு மனப்பாடம், அதான் வருது" என்றேன்.

அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. என் முகத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஒருத்தர் தினம் வராருல்ல?"

அதற்கு மேல் என்னிடம் அறிவியல் இல்லை.

இதை எங்கள் பள்ளித் தமிழாசிரியையிடம் சொன்னபோது அவர் குறுந்தொகையை எடுத்துவிட்டார். பொருள் தேடிப் போன தலைவன் திரும்பி வருகிறான். இத்தனை நாள் அவளைத் தேற்றி வைத்திருந்தாயே என்று தோழிக்கு நன்றி சொல்கிறான். நான் என்ன செய்தேன், "விருந்து வரும்" என்று கரைந்து தேற்றியது காக்கைதான், அதற்கு நல்ல நெய்யும் வெண்ணெல் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் குறைவுதான் என்கிறாள் தோழி. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கை பாடினியார் என்றே பேர் வந்துவிட்டதாம். அங்கே உயிரோடு இருப்பவர் வருவார் என்று காக்கா சொன்னது. இங்கே போனவர் வந்துவிட்டதாக அம்மா சொல்கிறாள். சோறு மட்டும் அன்றும் இன்றும் காக்காவுக்குத்தான்.

காபி விஷயத்தை அம்மா சொன்ன அதே நாளில் இன்னொன்றும் சொன்னாள். விடியற்காலை நாலரைக்கு அப்பாவின் செருமல் கேட்கிறதாம். கொல்லைக்கதவுப் பக்கம், இரண்டு முறை. பொன்மலை ரயில்வே பட்டறைக்கு முதல் ஷிப்ட் போன காலத்திலிருந்து அப்பா எழுந்திருக்கிற நேரம் அது. "உங்கிட்ட சொன்னா மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடுவியோன்னு பயந்தேன்டி" என்றாள். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு மாதத்தில் சொல்லியிருந்தால் நான் கூட்டிப் போயிருப்பேன்.

பிறகு தேடிப் படித்தேன். டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, போனவர் பக்கத்தில் இருப்பது போல உணர்வது, குரல் கேட்பது, சிலருக்கு உருவமே தெரிவது என்று ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பலருக்கு அது வருஷக்கணக்கில் நீடித்திருக்கிறது. பெரும்பாலோர் அந்த டாக்டர் கேட்கும்வரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது பயமாக இல்லை, ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது. வேல்ஸ் மலைக் கிராமத்திலும் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரே கதை. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "பாதிப் பேரா?" என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

அதனால் உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது இப்படிச் சொன்னால், உடனே திருத்தப் போகாதீர்கள். "என்ன கேட்டுச்சு? அப்புறம்?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் செருமலிலிருந்து தொடங்கி, 1984இல் அப்பா பெண் பார்க்க வந்தபோது கேசரியில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்ற கதை வரைக்கும் வந்தது. நான் கேள்வியே படாதது.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போனதென்று நினைக்க வேண்டாம். என் கனவில் அப்பா ஒருமுறை வந்தார். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உற்சாகத்தில் அம்மாவிடமும் தம்பியிடமும் சொன்னேன். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவ நான். எங்கிட்ட ஏன் வரலை?" தம்பி ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். கனவு வருவதற்கும் பாசத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் தராசில் போட்டுத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கனவு வந்தால் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறேன். கேட்டால் மட்டும் சொல்வேன்.

தம்பிக்கு நடந்தது அதைவிட மோசம். அப்பாவின் போன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அவன் பெங்களூரில் இருக்கிறான். தூக்கம் வராத ராத்திரிகளில் அப்பாவின் வாட்ஸப்பைத் திறந்து பழைய குரல் செய்திகளைக் கேட்பான். ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு, அப்பா பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டியிருக்கிறது. கை நடுங்க எனக்குப் போன் செய்தான். அடுத்த வாரம் அந்த எண்ணில் முகப்புப் படம் மாறியது. யாரோ ஒருவரின் கைக்குழந்தை. பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனி இன்னொருவருக்குக் கொடுத்துவிடும், கொடுத்துவிட்டது. அந்தக் குழந்தை மேல் என்ன கோபப்படுவது? ஆனால் தம்பி இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. போனவரின் எண்ணைக் கொஞ்ச நாளாவது உயிரோடு வைத்திருங்கள். வங்கிக் கணக்கின் ஓடிபி வருவதும் அதில்தான். குரல் செய்திகளைத் தனியாகச் சேமித்து இரண்டு இடத்தில் வையுங்கள். எண்ணை விடுவதாக முடிவு செய்தால், பெயரை உங்கள் போனிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள்.

பணம் கேட்கும் அடையாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேனில் பேசிய அதே அத்தை, அம்மாவைக் குறி சொல்லும் ஒருவரிடம் கூட்டிப் போய்விட்டாள். ஆத்மா வாசற்படி தாண்டாமல் நிற்கிறது, பரிகாரம் செய்யாவிட்டால் மகனுக்கு ஆகாது, பதினெட்டாயிரம் ஆகும் என்றிருக்கிறார். அம்மா ஐயாயிரம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பணம் திரும்பி வரவில்லை. நான் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "அப்பா உயிரோட இருந்தப்போ உன்னை என்னிக்காவது பயமுறுத்திப் பணம் கேட்டிருக்காராம்மா?" மீதிப் பதிமூன்றாயிரம் தப்பியது.

டாக்டரிடம் போக வேண்டிய கட்டம் ஒன்றும் உண்டு. எங்கள் தெருவிலேயே பார்த்தேன். கணவர் போன பிறகு ஒரு அக்கா ஏழெட்டு மாதம் வாசலுக்கே வரவில்லை. சாப்பாடு குறைந்துகொண்டே போனது. "அவர் என்னையும் கூப்பிடறார்" என்று சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டபிறகும் ஆறுதல், அடையாளம் என்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அவரைத் தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். இப்போது தேறியிருக்கிறார். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். செருமல் கேட்டுவிட்டு எழுந்து காபி போடுகிறவரையும், செருமல் கேட்டு அதன் பின்னால் போக நினைக்கிறவரையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

சரி, எனக்கு என்ன வந்தது?

கனவைத் தவிர ஒன்றும் வரவில்லை. பல்லி சொல்லவில்லை, பட்டாம்பூச்சி தோளில் உட்காரவில்லை. பத்து மாதம் இப்படியே போனது. ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்பி மோட்டார் நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. வந்து பார்த்தவர், "காயில் போயிடுச்சுக்கா, கழட்டி ரீவைண்டிங் பண்ணணும், மூவாயிரம் ஆகும்" என்றார். சரி, கழற்றுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், எதற்கோ, மோட்டார் பக்கத்துச் சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். திறப்பதற்கு அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அப்பா பட்டறையில் ஃபிட்டர். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின் வேலையெல்லாம் நடக்கிற இடம். எந்தச் சாமானைத் தொட்டாலும் தேதி எழுதவேண்டும் என்பது அங்கே அவர் கையில் ஏறிய பழக்கம். வீட்டில் பல்பின் கழுத்தில் தேதி இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் முதுகில், கேஸ் டியூபில், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய நாள்களாகச் சுவரில், எங்கும் பென்சிலில் பொடிப்பொடியாக எழுத்து. சின்ன வயதில் எங்களுக்கு அது கேலிப்பொருள்.

மூடியின் உள்பக்கம் ஒரு காலண்டர் தாள் துண்டு, செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தது. டேப் பழுப்பேறி ஓரத்தில் சுருண்டிருந்தது. பென்சில் எழுத்து:

"கன்டென்சர் மாற்றினது 14-8-19. 10 எம்.எஃப்.டி. 'ம்' என்று சத்தம் மட்டும் வந்து சுற்றாவிட்டால் உடனே ஆஃப் பண்ணு. இதுதான் போயிருக்கும். காயில் நன்றாக இருக்கு. கழட்ட விடாதே."

மழைத்தூறலில் அந்த மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அம்மா மோட்டார் பக்கமே வரமாட்டாள். வேலைக்கு வருகிறவர்களை அப்பா 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவார். 'ஆஃப் பண்ணு', 'விடாதே' என்றால் அது வீட்டுப் பிள்ளைக்கு எழுதியது. தனக்கு எழுதியது என்று தம்பி சொல்கிறான். அவன் வீட்டில் இருந்ததே இல்லையே, அது எனக்குத்தான். இந்தத் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கன்டென்சர் என்பது மோட்டாரைச் சுற்றக் கிளப்பிவிடும் சின்னப் பாகம், எம்.எஃப்.டி. அதன் அளவு. கடைக்குப் போய் நூற்றுச்சொச்சம் ரூபாய்க்கு அதை வாங்கிவந்து மாட்டச் சொன்னேன். மோட்டார் சுற்றியது. வந்தவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக் கூலியில் ஐம்பது குறைத்துக்கொண்டார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. 2019இல் ஒரு மனுஷன், தான் இல்லாத ஒரு நாளை யோசித்து ஒரு சீட்டு எழுதினார், அது உரிய நாளில் வந்து சேர்ந்தது. காக்காவையும் செருமலையும் ஏற்றுக்கொள்ளாத என் மண்டை, இதை எந்த வாதமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அம்மாவுக்குக் காக்கா எப்படியோ எனக்கு இது. அன்றைக்குத்தான் அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் வீடு முழுக்கத் தேடினேன். பென்சில் எழுத்து மங்கும், அதனால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் இன்வெர்ட்டர் சுவரைப் பூசப் போனார்கள், ஓடிப்போய்த் தடுத்தேன். அந்த இரண்டடி இடம் மட்டும் பழைய மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். உங்கள் வீட்டிலும் மளிகைக் கணக்கு, மருந்துச் சீட்டின் பின்பக்கம், டைரியில் பால் கணக்கு என்று ஏதாவது இருக்கும். சாமான்களை ஒழிக்கிறேன் பேர்வழி என்று பதினாறு முடிந்த கையோடு மூட்டை கட்டிவிடாதீர்கள். ஒரு வருஷம் பொறுங்கள்.

இப்போது கூடத்து ஃபேன் சரியாகச் சுற்றுவதில்லை. ஐந்தில் வைத்தாலும் ஒன்றில் ஓடுவது போல்தான் ஓடுகிறது. அதுவும் கன்டென்சர்தான், 2.5 எம்.எஃப்.டி., எனக்கே தெரியும். ஏணி போட்டு ஏறி, மேலே கிண்ணத்தைக் கீழிறக்கினால் அதன் உள்பக்கம் ஏதாவது எழுதியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் இன்னும் பார்க்காத இடம் வீட்டில் அது ஒன்றுதான். மூன்று மாதமாக அம்மா விசிறியால் வீசிக்கொண்டே, "ஏறித்தான் பாரேன்டி, புழுங்குது" என்கிறாள்.

சித்திரை வரட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.